ஹெட்போனுக்கு ஏற்ற ஆம்ப், ஆம்புக்கு ஏற்ற டாக்

நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கியதும் அடுத்த கேள்வி வந்து நிற்கும்: இதற்குத் தனியாக ஆம்ப்ளிஃபயர் வேண்டுமா? வேண்டுமென்றால் எது? டாக் என்கிறார்களே, அதையும் சேர்த்து வாங்க வேண்டுமா? ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். "300 ஓம் ஹெட்போன், போனில் பாடவே பாடாது" என்பார் ஒருவர். "இந்த டாக்கைப் போட்டால் திரை விலகினாற்போல் இருக்கும்" என்பார் இன்னொருவர். இரண்டையும் நம்ப வேண்டியதில்லை, கணக்கிட்டுப் பார்த்துவிடலாம். தேவையான எண்களில் பெரும்பாலானவை பெட்டியிலேயே அச்சாகியிருக்கின்றன. போனில் உள்ள கால்குலேட்டர் போதும்.

பொருத்தம் பார்க்க மூன்று கேள்விகள் உண்டு. தேவையான சத்தம் வருமா? ஹெட்போனின் தொனி மாறாமல் வருமா? பாட்டு இல்லாதபோது இரைச்சல் கேட்காமல் இருக்குமா? இந்த மூன்றிலும் தேறிய ஆம்புக்கு மேல் செலவழிக்கும் பணம், வசதிக்கும் அழகுக்கும் போகிறதே தவிர ஒலிக்குப் போவது மிகக் குறைவு. இந்த அத்தியாயம் அந்த மூன்று கேள்விகளையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறது.

யாருக்கு என்ன வேலை

பாட்டுக் கோப்பில் இருப்பவை வெறும் எண்கள். சிடி தரத்தில், நொடிக்கு 44,100 முறை எடுத்த 16 பிட் மாதிரிகள். அவற்றை ஏறி இறங்கும் மின்னழுத்தமாக மாற்றுவது டாக்கின் வேலை. அந்த மின்னழுத்தத்தைத் தேவைக்கேற்பக் கூட்டி, ஹெட்போனுக்குள் இருக்கும் சுருளை அசைக்கும் அளவுக்கு மின்னோட்டம் கொடுப்பது ஆம்பின் வேலை.

பாட்டுக் கேட்கும் எந்தக் கருவியிலும் இந்த இரண்டும் ஏற்கெனவே இருக்கின்றன. லேப்டாப்பில் இருக்கின்றன. போனில் செருகும் விரல் நீள டாங்கிளிலும் இருக்கின்றன. புளூடூத் ஹெட்போனில் அவை ஹெட்போனுக்குள்ளேயே இருக்கின்றன. ஆகவே புளூடூத்தில் கேட்பவருக்கு வெளி ஆம்பாலும் டாக்காலும் எந்தப் பயனும் இல்லை. அவர் இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போய்விடலாம்.

பெட்டியில் உள்ள இரண்டு எண்கள்

முதல் எண் இம்பீடன்ஸ், அதாவது மின்னோட்டத்துக்கு ஹெட்போன் காட்டும் தடை, ஓமில் இருக்கும். இரண்டாவது எண் உணர்திறன், டெசிபலில் இருக்கும். பலரும் முதல் எண்ணை மட்டும் பார்த்து முடிவுக்கு வருகிறார்கள். அங்கேதான் கோளாறு.

உணர்திறனை நிறுவனங்கள் இரண்டு விதமாக எழுதுகின்றன. ஒரு மில்லிவாட் கொடுத்தால் எத்தனை டெசிபல் என்பது ஒரு விதம். ஒரு வோல்ட் கொடுத்தால் எத்தனை டெசிபல் என்பது மற்றொன்று. இரண்டையும் அப்படியே ஒப்பிடக் கூடாது. சென்ஹைசர் எச்டி 650-க்கு 103 டெசிபல் என்று போட்டிருப்பது ஒரு வோல்ட்டுக்கான கணக்கு. 300 ஓமில் ஒரு வோல்ட் என்றால் 3.3 மில்லிவாட். ஒரு மில்லிவாட்டுக்கு இறக்கினால் அது சுமார் 98 டெசிபல்தான். எண்ணுக்குப் பக்கத்தில் என்ன அலகு இருக்கிறது என்று பார்த்த பிறகே கணக்கைத் தொடங்குங்கள்.

இனி இலக்கு. உச்சத்தில் 110 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். யாரும் 110 டெசிபலில் பாட்டுக் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. ஆனால் சராசரி 80 டெசிபலில் ஓடும் பாட்டில்கூட தவில் அடி, டிரம்ஸ் அடி போன்ற கண நேர உச்சங்கள் 20 டெசிபலுக்கு மேல் எகிறும். மெல்லிய அளவில் பதிவான பழைய கச்சேரிகளுக்கு இன்னும் கொஞ்சம் இடம் வேண்டும். அந்த உச்சத்தில் ஆம்ப் மூச்சு முட்டினால் ஒலி கரகரக்கும்.

கணக்குக்கு இரண்டு விதிகள் போதும்: மூன்று டெசிபல் கூட வேண்டுமானால் இரண்டு மடங்கு வாட், பத்து டெசிபல் கூட வேண்டுமானால் பத்து மடங்கு வாட். ஆடியோ-டெக்னிகா ஏடிஎச்-எம்50எக்ஸை எடுத்துக்கொள்வோம். 38 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 99 டெசிபல். 110-ஐத் தொட 11 டெசிபல் குறைகிறது. பத்து டெசிபலுக்குப் பத்து மில்லிவாட், மிச்சம் ஒரு டெசிபலுக்குக் கொஞ்சம் கூட்டி 12.6 மில்லிவாட். அதை வாட்டாக மாற்றி (0.0126) ஓமால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் தேவையான மின்னழுத்தம் கிடைக்கும்: 0.7 வோல்ட். அதை 38-ஆல் வகுத்தால் மின்னோட்டம்: 18 மில்லிஆம்பியர்.

இதே கணக்கை ஐந்து ஹெட்போன்களுக்குப் போட்டால்:

- ஷூர் எஸ்இ846 இயர்போன் (9 ஓம், மில்லிவாட்டுக்கு 114 டெசிபல்): 0.06 வோல்ட், 7 மில்லிஆம்பியர்
- ஏடிஎச்-எம்50எக்ஸ் (38 ஓம், 99 டெசிபல்): 0.7 வோல்ட், 18 மில்லிஆம்பியர்
- எச்டி 650 (300 ஓம், 98 டெசிபல்): 2.2 வோல்ட், 7.5 மில்லிஆம்பியர்
- பேயர்டைனமிக் டிடி 880, 600 ஓம் வகை (96 டெசிபல்): 3.9 வோல்ட், 6.5 மில்லிஆம்பியர்
- ஹைஃபைமேன் எச்இ-6 (50 ஓம், 83.5 டெசிபல்): 4.7 வோல்ட், 95 மில்லிஆம்பியர்

பட்டியலின் கடைசி வரியைக் கவனியுங்கள். ஓம் கணக்கில் எச்இ-6, எம்50எக்ஸின் பக்கத்து வீடு. ஆனால் அதை ஓட்ட ஏறக்குறைய அரை வாட் வேண்டும். எம்50எக்ஸுக்கு வேண்டியதைப் போல் 35 மடங்கு. 600 ஓம் டிடி 880-க்கோ வெறும் 25 மில்லிவாட் போதும். ஓம் கூடினால் ஓட்டுவது கடினம், குறைந்தால் சுலபம் என்ற பேச்சு இங்கே அடிபட்டுப் போகிறது.

மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொண்டால் இந்த வேறுபாடு பிடிபடும். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது மின்னழுத்தம். குழாய் எவ்வளவு அகலம் என்பது மின்னோட்டம். டிடி 880-க்கு உயரமான தொட்டி வேண்டும், குழாய் மெல்லியதாக இருந்தாலும் பரவாயில்லை. எச்இ-6-க்கு உயரமும் வேண்டும், அகலக் குழாயும் வேண்டும்.

கையில் இருப்பதே போதுமா

இப்போது மறுபக்கம். ஆப்பிளின் யூஎஸ்பி-சி டாங்கிள், அமெரிக்காவில் விற்கும் வகையில், சுமார் 1 வோல்ட் தரும். ஐரோப்பிய வகை அதில் பாதிதான். 1 வோல்ட் என்றால் எம்50எக்ஸுக்குத் தாராளம். எச்டி 650-இல் 103 டெசிபல் வரும்: சினிமாப் பாட்டுக்குப் போதும், மெல்லப் பதிவான வீணைக் கச்சேரிக்கு நெருக்கடி. 2 வோல்ட் தரும் டாங்கிள்கள் இப்போது சாதாரணம். அவற்றில் எச்டி 650 ஏறக்குறைய 109 டெசிபலைத் தொட்டுவிடும். பேலன்ஸ்டு வழியில் (இடம், வலம் இரண்டுக்கும் எதிர்முனை தனித்தனியாக உள்ள துளையில்) 4 வோல்ட் தரும் டாங்கிளில் 600 ஓம் டிடி 880-யும் அடங்கிவிடும். 2021-இல் வந்த 14, 16 அங்குல மேக்புக் ப்ரோக்களின் ஹெட்போன் துளை, 150 ஓமுக்கு மேற்பட்ட ஹெட்போனைக் கண்டால் தானாகவே 3 வோல்ட் வரை ஏற்றிக் கொடுக்கும். அப்படிப்பட்ட லேப்டாப் வைத்திருப்பவர் எச்டி 650-க்காக ஆம்ப் தேட வேண்டிய தேவையே இல்லை.

எச்இ-6 போன்றவற்றுக்குத்தான் மேசை ஆம்ப் கட்டாயம். 50 ஓமில் ஒரு வாட்டாவது தருகிறதா என்று பாருங்கள்.

ஆம்பின் பெட்டியில் "1 வாட்" என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். எத்தனை ஓமில் என்று கேளுங்கள். 32 ஓமில் 1 வாட் என்றால் 5.7 வோல்ட். அதே மின்னழுத்தம் 300 ஓமில் 107 மில்லிவாட்டாகச் சுருங்கிவிடும். எச்டி 650-க்கு அதுவே பல மடங்கு அதிகம் என்பது வேறு விஷயம். எதிர்த்திசையிலும் இந்தக் கண்ணி உண்டு. 10 வோல்ட் தரக்கூடிய ஓர் ஆம்ப் 40 மில்லிஆம்பியரோடு நின்றுவிடுமானால், எச்இ-6-இல் அதனால் 2 வோல்ட்டுக்கு மேல் போக முடியாது. ஆகவே உங்கள் ஹெட்போனின் ஓமுக்கு நெருக்கமான அளவில் எத்தனை மில்லிவாட் என்று தேடிப் பாருங்கள்.

தொனி மாறாமல் வருமா

சத்தம் போதும் என்பதோடு பொருத்தம் முடிந்துவிடாது. ஆம்புக்கும் உள்ளே ஒரு தடை இருக்கிறது. அதற்கு அவுட்புட் இம்பீடன்ஸ் என்று பெயர். ஆம்ப் தரும் மின்னழுத்தத்தில் ஒரு பங்கை அது தின்றுவிட்டு, மிச்சத்தைத்தான் ஹெட்போனுக்கு விடும். எல்லா ஸ்வரங்களிலும் சம பங்கு தின்றால் கவலையில்லை, வால்யூமைக் கூட்டிக்கொள்ளலாம். சிக்கல் என்னவென்றால், ஹெட்போனின் இம்பீடன்ஸ் எல்லா அலைவெண்ணிலும் ஒன்றாக இருப்பதில்லை.

எச்டி 650-இன் 300 ஓம் என்பது பெயரளவு. 80–100 ஹெர்ட்ஸ் பக்கம் அது சுமார் 500 ஓம் வரை ஏறும். அதை 120 ஓம் அவுட்புட் இம்பீடன்ஸ் உள்ள ஆம்பில் மாட்டினால், அந்த பாஸ் பகுதி மற்றவற்றைவிட 1 டெசிபல் தூக்கலாக வரும். மிருதங்கத்தின் தொப்பி கொஞ்சம் குண்டாகக் கேட்கும். ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாத வால்வு ஆம்புகளில் எச்டி 650 "கதகதப்பாக" ஒலிக்கிறது என்று சொல்வதன் பின்னணியில் பெரும்பங்கு இந்த ஒரு டெசிபல்தான். பிடித்திருந்தால் தப்பில்லை. ஆனால் அது ஹெட்போனின் குணமல்ல, சேர்க்கையின் குணம். 1996-இல் வந்த ஐஇசி 61938 தரநிலையே 120 ஓமைப் பரிந்துரைத்திருந்ததால், பழைய கருவிகளில் இந்த அளவு சகஜம்.

இயர்போன்களில் விளைவு இதைவிடக் கடுமை. பேலன்ஸ்டு ஆர்மேச்சர் சிறு ஒலிப்பான்கள் பலவற்றை அடக்கிய ஓர் இயர்போன், ஓர் அலைவெண்ணில் 4 ஓமும் மற்றோர் அலைவெண்ணில் 30 ஓமும் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். 10 ஓம் அவுட்புட் இம்பீடன்ஸில் அந்த இரண்டுக்கும் இடையே 8 டெசிபல் ஏற்றத்தாழ்வு விழும். வடிவமைத்தவர் மாதக்கணக்கில் சரிசெய்த தொனி ஒரே செருகலில் குலைந்துவிடும். 1 ஓமாக இருந்தால் அது 2 டெசிபலுக்குள் அடங்கும்.

அதனால் கைக்கணக்கு இது: ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸ், ஹெட்போன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. 32 ஓமுக்கு 4 ஓம், 300 ஓமுக்கு 37 ஓம். இந்த வரம்புக்குள், ஹெட்போனின் இம்பீடன்ஸ் எவ்வளவு மேலே ஏறினாலும் தொனி மாற்றம் ஒரு டெசிபலைத் தாண்டாது. 9 ஓம் எஸ்இ846-க்கு 1 ஓமுக்குச் சற்று மேல்தான் அனுமதி. இயர்போன் பிரியர்கள் 1 ஓமுக்குக் குறைந்த ஆம்பையே தேடுங்கள், மேலே சொன்ன ஆப்பிள் டாங்கிள் இந்தச் சோதனையில் தேறிவிடும்.

எச்இ-6 போன்ற ப்ளேனார் வகைக்கு இதில் விலக்கு உண்டு. அவற்றின் இம்பீடன்ஸ் ஏறக்குறைய ஒரே கோடாக ஓடுவதால், தொனி மாறாது, சக்திதான் வீணாகும்.

இரைச்சல்

சத்தம் போதாதோ என்று பயந்து தேவைக்கு மேல் பலமான ஆம்பை வாங்குபவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. எந்த ஆம்பிலும் ஒரு மெல்லிய "உஸ்" இருக்கும். அது 10 மைக்ரோவோல்ட் என்று கொள்வோம். எச்டி 650-இல் அது 3 டெசிபலாக வரும், காதுக்கு எட்டாது. எஸ்இ846-இலோ 34 டெசிபலாக வரும். இரவில் அமைதியான அறையில், இரண்டு பாட்டுகளுக்கு இடையில் தெளிவாகக் கேட்கும். ஆம்ப் ஒன்றுதான், ஹெட்போன்தான் வேறு.

எனவே இயர்போனுக்கு வாட்டைத் தேடாதீர்கள், குறைந்த இரைச்சலைத் தேடுங்கள். கெயின் (ஆம்ப் எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பது) சுவிட்ச் இருந்தால் எப்போதும் குறைந்த நிலையில் தொடங்குங்கள். போதாவிட்டால் மட்டும் ஏற்றுங்கள். வால்யூம் குமிழ் கடிகார முள்ளில் பத்துக்கும் இரண்டுக்கும் இடையில் நிற்கும்படி கெயின் அமைந்தால் நல்லது. குமிழைத் தொட்டாலே காது கிழிகிறது என்றால், தொடக்கப் பகுதியிலேயே வைத்துக் கேட்க வேண்டியிருக்கும், அங்கே பல குமிழ்கள் இடம் வலம் சமமாகத் தருவதில்லை. பாடகர் ஒரு காதுப் பக்கம் ஒதுங்கி நிற்பார்.

பழைய பாடல்களில் நாடாவின் இரைச்சல் பதிவிலேயே இருக்கும். ஆம்பைக் குறை சொல்வதற்கு முன் பாட்டை நிறுத்திப் பாருங்கள். "உஸ்" நின்றுவிட்டால் அது பாட்டோடு வந்தது.

டாக்குக்கு எவ்வளவு

ஹெட்போன், ஆம்ப், டாக் என்ற வரிசையில் காதுக்குக் கேட்கும் வேறுபாடு கடைசியில்தான் மிகக் குறைவு. 16 பிட் பதிவின் மிகப் பெரிய ஒலிக்கும் மிகச் சிறிய ஒலிக்கும் இடையே சுமார் 96 டெசிபல் இடைவெளி. இன்றைய மலிவான டாக் சிப்புகள்கூட அதைத் தாண்டிவிட்டன. 44.1 கிலோஹெர்ட்ஸ் மாதிரி எடுத்தால் 22 கிலோஹெர்ட்ஸ் வரை பிடித்துவிடும். மனிதக் காது 20-க்கு மேல் போகாது, வயதானால் அதுவும் குறையும். 768 கிலோஹெர்ட்ஸ் என்று பெட்டியில் போட்டிருப்பதற்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

சிப்பின் பெயரைப் பார்த்து வாங்குவதும் அப்படித்தான். 2020 அக்டோபரில் ஜப்பானின் நோபெயோகாவில் இருந்த, டாக் சிப்புகள் செய்யும் ஏகேஎம் நிறுவனத்தின் தொழிற்சாலை தீப்பிடித்து உற்பத்தி நின்றது. பல நிறுவனங்கள் தங்கள் டாக்குகளை ஈஎஸ்எஸ் போன்ற வேறு சிப்புகளுக்கு மாற்றி வடிவமைத்தன. அப்படி மாற்ற முடிந்ததே, சிப் மட்டும் ஒலியைத் தீர்மானிப்பதில்லை என்பதைக் காட்டுகிறது. மின்வழங்கலும் சுற்றின் அமைப்பும்தான் மிச்சத்தைச் செய்கின்றன.

அப்படியானால் தனி டாக் எப்போது தேவை? கணினியின் சொந்தத் துளையில் மௌஸை நகர்த்தும்போது கீச்சுச் சத்தம் வந்தால் தேவை. டிவியிலிருந்து ஆப்டிக்கல் வழியாக ஒலி எடுக்க வேண்டுமானால் தேவை. மேசை ஆம்புக்கு உள்ளீடாகச் சீரான 2 வோல்ட் வேண்டுமானால் தேவை. 1 வோல்ட் தரும் டாங்கிளை டாக்காக வைத்தும் ஆம்பை ஓட்டலாம், குமிழை இன்னும் 6 டெசிபல் திருப்பினால் சரியாகிவிடும்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை

கணினியின் வால்யூமை முழுதாக வைத்து, ஆம்பின் குமிழால் மட்டும் கட்டுப்படுத்துங்கள். சில ஆண்ட்ராய்டு போன்களில் ஆப்பிள் டாங்கிள் பாதிச் சத்தம்தான் தரும். அது டாங்கிளின் பழுதல்ல, அந்தப் போன்கள் அதன் வால்யூமை முழுதாக ஏற்றிவிடாததன் விளைவு.

பேலன்ஸ்டு துளையில் சாதாரண ஹெட்போன் முனையை அடாப்டர் போட்டு மாட்டாதீர்கள். இடம், வலம் இரண்டின் எதிர்முனைகளும் ஒன்றோடொன்று இணைந்து ஆம்ப் கெட்டுவிடலாம். பேலன்ஸ்டு வழியில் மின்னழுத்தம் இரட்டிக்கும்போது அவுட்புட் இம்பீடன்ஸும் இரட்டிக்கும் என்பதை இயர்போன்காரர்கள் மறக்க வேண்டாம்.

"ம்ம்" என்று அடிநாதம் கேட்டால் லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் சிக்கல் தரையிணைப்பில், டாக்கில் அல்ல. லேப்டாப்பையும் ஆம்பையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில், எர்த் சரியாக உள்ள மூன்று முனைத் துளையில் மாட்டிப் பாருங்கள்.

கேட்டு ஒப்பிடும் முறை

கடையில் இரண்டு ஆம்புகளை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமப்படுத்தாவிட்டால் ஒப்பீடே இல்லை. அரை டெசிபல் கூடினாலும் "சத்தம் கூட" என்று காதுக்குத் தெரியாது, "தெளிவு கூட" என்றுதான் தோன்றும். வீட்டில் செய்யும்போது 100 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை ஓடவிட்டு, ஹெட்போன் மாட்டிய நிலையிலேயே இரண்டு ஆம்புகளின் மின்னழுத்தத்தையும் மல்டிமீட்டரில் அளந்து, ஒரு சதவீதத்துக்குள் கொண்டுவாருங்கள். பிறகு வீட்டில் யாரையாவது, எது என்று சொல்லாமல் மாற்றித் தரச் சொல்லுங்கள். பழகிய பாட்டையே வையுங்கள். தம்புராவின் ரீங்காரம் தொடர்ந்து ஒலிக்கும் ஆலாபனை, இரைச்சலையும் தொனி மாற்றத்தையும் காட்டிக்கொடுக்கும். தனி ஆவர்த்தனம், ஆம்ப் உச்சத்தில் திணறுகிறதா என்று காட்டும்.

வாங்கும் வரிசை

1. முதலில் ஹெட்போன். தொனியில் பெரும்பங்கு அதனுடையது.
2. 110 டெசிபலுக்கு எத்தனை வோல்ட், எத்தனை மில்லிஆம்பியர் என்று கணக்கிடுங்கள்.
3. போன், லேப்டாப், டாங்கிள் அதைத் தருகிறதா என்று பாருங்கள். தந்தால் ஆம்ப் வேண்டாம்.
4. தராவிட்டால், அந்த ஓமில் போதிய சக்தியும், எட்டில் ஒரு பங்குக்குள் அவுட்புட் இம்பீடன்ஸும், குறைந்த இரைச்சலும் உள்ள ஆம்ப்.
5. டாக், மேலே சொன்ன காரணம் ஏதாவது இருந்தால் மட்டும்.

மாட்டிய பிறகு ஒரு பழக்கம் அவசியம்: செருகுவதற்கு முன் குமிழை அடிவரை இறக்கிவிடுங்கள். எச்இ-6-க்காக வாங்கிய ஆம்பில் தவறிப்போய் எஸ்இ846-ஐ மாட்டி, குமிழ் மேலேயே இருந்தால், காதுக்குத் திரும்பாத சேதம் நேரலாம். அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் 85 டெசிபலுக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்று வரம்பு வைத்திருக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான்.

இவ்வளவும் செய்தும் ஒலி மனதுக்குப் பிடிக்கவில்லையா? முதலில் ஈக்வலைசரைத் தொடுங்கள், அதற்குச் செலவே இல்லை. பிறகு தேய்ந்துபோன காதுமெத்தையை மாற்றுங்கள், ஒலி கணிசமாக மாறும். அதற்கும் பிறகு வேறு ஹெட்போன். மூன்று சோதனைகளிலும் தேறிய ஆம்பை மாற்றுவது இந்தப் பட்டியலில் சேராது.